சிப்பியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்! - உப்புக்காற்று வீசும் ஊர்களில் ஒட்டுப்பலகை

 

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கடலடியிலிருந்து எடுத்து வந்த சிப்பிகளைத் திறக்காமலே, ஆயிரம் இத்தனை ரூபாய் என்று ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவரின் சிப்பிக்குள் முத்தும் இருக்கலாம். வெறும் சதையும் இருக்கலாம். ஒரே நாளில் செல்வரானவரும் உண்டு, கைப்பொருளை இழந்து வீடு திரும்பியவரும் உண்டு. 1961-ஆம் ஆண்டோடு அந்த முத்துக் குளிப்பு நின்றுபோயிற்று. ஆனால், உள்ளே இருப்பது தெரியாமல் விலை கொடுக்கும் வழக்கம் மட்டும் நம்மிடையே நின்றபாடில்லை. வீட்டு அலமாரிகளுக்கும் அடுப்படிப் பெட்டகங்களுக்கும் ஒட்டுப்பலகை, அதாவது பிளைவுட் வாங்கும்போது நம்மில் பெரும்பாலோர் செய்வது இதுவே.

புதுக்கோட்டை என்றதும் தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட ஊரை எண்ணிவிட வேண்டா. இங்கே குறிப்பிடுவது, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குச் செல்லும் சாலையில் உள்ள புதுக்கோட்டையை. கடற்கரையில் அமைந்த ஊரன்று. ஆயினும் கடற்காற்று அங்கும் வீசுகிறது. இந்த வட்டாரத்தில் மழை குறைவு. எனவே 'இது வறண்ட பூமிதானே, மரச்சாமானுக்கு என்ன கேடு வந்துவிடும்?' என்று பலரும் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்கள் அடித்துச் சென்றன. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். குளங்கள் உடைந்தன, சாலைகள் துண்டிக்கப்பட்டன, ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. வீடுகளுக்குள் புகுந்த வெள்ளம் வடிந்த பிறகுதான், எந்த வீட்டில் எந்தப் பலகை இருந்தது என்ற உண்மை பலருக்கும் தெரிய வந்தது.

ஒரு குடும்பத்தின் பாடம்

புதுக்கோட்டையில் எனக்கு நெருக்கமான ஒரு குடும்பம். குடும்பத் தலைவர் வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்தவர். மகளின் நிக்காஹ்வை முன்னிட்டு வீட்டைப் புதுப்பித்து, அடுப்படி முழுவதும் பெட்டகங்கள் அமைத்தார். "எல்லாம் வாட்டர் புரூஃப்தான், பயமே வேண்டாம்" என்பது அவருக்குச் சொல்லப்பட்ட வாக்கு. வெள்ளம் இரண்டு நாட்கள் முழங்கால் அளவு நின்றது. நீர் வடிந்தபின் பார்த்தால், கீழ்ப் பெட்டகங்களின் பக்கப் பலகைகள் நீரில் ஊறிய ரொட்டியைப் போல உப்பி, கைபட்ட இடமெல்லாம் தூளாக உதிர்ந்தன. கதவுகள் மட்டுமே ஒட்டுப்பலகை. உள்ளே இருந்தவை அனைத்தும், இருபுறமும் மைக்கா ஒட்டிய மரத்தூள் பலகைகள்!

அந்த வீட்டுத் தாயார் சொன்ன சொல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "வெள்ளம் அல்லாஹ்வோட நாட்டம், அதுக்கு நாம ஒண்ணும் சொல்றதுக்கில்லை. ஆனா பலகையைப் பத்திப் பொய் சொன்னது மனுஷன்தானே?"

இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான். பேரிடரைத் தடுக்க நம்மால் ஆகாது. ஏமாறாமல் இருக்க நம்மால் ஆகும்.

ஒட்டுப்பலகை என்பது என்ன?

நம் முன்னோர் மரத்தை நன்கறிந்தவர்கள். மரக்கலம் ஓட்டியவர்கள் என்பதாலேயே மரக்காயர் என்ற பெயர் வந்தது என்பர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் பர்மா தேக்கு உத்திரங்களையும் பனங்கைகளையும் இன்றும் காணலாம். தேக்கு, தன்னுள் இயற்கையாக உள்ள எண்ணெய்ப் பசையால் நீரையும் கரையானையும் தாங்கும். ஆனால், இன்று ஒரு சராசரிக் குடும்பம் வீடு முழுவதையும் தேக்கில் இழைப்பது இயலாத காரியம். எனவேதான் ஒட்டுப்பலகை நம் இல்லங்களுக்குள் வந்தது.

மரத்தடியை நீரில் வேகவைத்து, சுழலும் இயந்திரத்தில் பொருத்தி, சுருட்டிய பாயை விரிப்பதுபோல் மெல்லிய ஏடாக உரிக்கிறார்கள். அந்த ஏடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, ஒன்றின் இழை நெடுக்காகவும் அடுத்ததன் இழை குறுக்காகவும் வைத்துப் பசையிட்டு, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டுகிறார்கள். பத்தமடைப் பாயை எண்ணிப் பாருங்கள். கோரை ஒருபுறமும் நூல் மறுபுறமும் ஓடுவதால்தானே அது பிரியாமல் நிற்கிறது? மரமும் அப்படியே. ஈரம் பட்டால் மரம் இழையின் குறுக்கே விரியும். நெடுக்கே பெரிதும் விரியாது. ஏடுகளை மாற்றி மாற்றி அடுக்கினால் ஒன்றை மற்றொன்று பிடித்துக் கொள்ளும். ஏடுகளின் எண்ணிக்கை 3, 5, 7, 9 என ஒற்றைப் படையில் அமைவதும், இருபுறமும் இழுவை சமமாக இருந்து பலகை வளையாமல் நிற்பதற்காகவே.

இந்தியாவில் இத்தொழில் முதலில் தேயிலைப் பெட்டிகள் செய்வதற்காக வளர்ந்தது. பின்னர் 1945-ஆம் ஆண்டில் கேரளத்தின் கண்ணூரை அடுத்த வளபட்டணத்தில், ஏ.கே. காதர்குட்டி சாஹிப் என்ற நம் சமுதாயப் பெருமகனார் 'வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று கேரளத்துப் பெரும்பாவூரிலும் அரியானாவின் யமுனாநகரிலும் ஏராளமான ஆலைகள் இயங்குகின்றன. பெரும்பாவூர்ப் பலகையில் ரப்பர் மரம் மிகுதி; யமுனாநகர்ப் பலகையில் பாப்லரும் தைல மரமும் மிகுதி. முன்பு பெரிதும் புகழப்பட்ட குர்ஜன் மரம் பர்மாவிலிருந்து வந்தது. 2014 ஏப்ரலில் அந்நாடு மரத்தடி ஏற்றுமதியை நிறுத்திய பின் அது அரிதாயிற்று. ஆகவே "அசல் பர்மா குர்ஜன்" என்று எவரேனும் கூறினால் ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். மேலேட்டுக்குச் செந்நிறச் சாயம் பூசினால் எந்த மரமும் குர்ஜன் போலத் தோன்றும்.

மூன்று தரங்கள்

கடைக்காரர் சொல்லும் பெயர்கள் பல. உங்களுக்குத் தெரியவேண்டியவை மூன்று மட்டுமே.

முதலாவது, எம்.ஆர். எனப்படும் ஈரம் தாங்கும் தரம். கடைகளில் 'கமர்ஷியல்' என்பது இதுவே. இந்தியத் தர நிர்ணயத்தில் இதன் எண் ஐ.எஸ். 303. இதன் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. 60 பாகை வெப்பமுள்ள நீரைச் சில மணி நேரம் தாங்கவேண்டும் என்பதே இதற்கான சோதனை. காற்றின் ஈரத்தைத் தாங்கும்; நீரைத் தாங்காது. 'ஈரம் தாங்கும்' என்பதை 'நீர் தாங்கும்' என்று பொருள் கொள்வதே பல வீடுகளில் நேரும் முதல் தவறு.

இரண்டாவது, பி.டபிள்யூ.ஆர். எனப்படும் கொதிநீர் தாங்கும் தரம். இதுவும் ஐ.எஸ். 303-க்குள் வருவதே. பசை, பினால் ஃபார்மால்டிஹைடு வகை. 8 மணி நேரம் கொதிக்கவைத்துக் காயவைத்துச் சோதிப்பார்கள்.

மூன்றாவது, மரைன் பிளைவுட். இதன் எண் ஐ.எஸ். 710. 72 மணி நேரம், அதாவது மூன்று இரவும் மூன்று பகலும் கொதிநீரில் கிடந்தாலும் ஏடுகள் பிரியக்கூடாது. படகுகளுக்கென வகுக்கப்பட்ட தரம் இது. பூஞ்சையும் பூச்சியும் அணுகாதிருக்க மரத்துக்கு மருந்தேற்றமும் செய்யப்பட வேண்டும்.

இங்கே ஓர் உண்மையை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கொதிநீர்ச் சோதனை பெரிதும் பசையைச் சோதிப்பது. பசை தோற்காவிட்டாலும், மரம் மரம்தான். விளிம்பு திறந்திருந்தால் நீரைக் குடிக்கும். மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். எனவே மரைன் பலகை வாங்கிவிட்டோம், இனி ஒழுகும் குழாயைப் பழுது பார்க்க வேண்டியதில்லை என்று இருந்துவிடாதீர்கள்.

இனி, ஒட்டுப்பலகை என்ற பெயரில் நம் வீட்டுக்குள் நுழையும் வேறு சில பலகைகள். பார்ட்டிக்கிள் போர்டு என்பது மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்தியது. எம்.டி.எஃப். என்பது மரநார்ப் பலகை. மேற்பரப்பு மழமழவென்று அழகாக இருக்கும். இவ்விரண்டும் ஒருமுறை நீரில் ஊறி உப்பிவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பா. வறண்ட அறையில், கையாளத் தெரிந்தவருக்கு இவை பயன்படும். நம் கரையோர ஊர்களின் அடுப்படிக்கும் குளியலறைச் சுவருக்கும் இவை ஏற்றவையல்ல. பிளாக் போர்டு என்பது உள்ளே மரச்சட்டங்களும் மேலே ஏடுகளும் கொண்டது. நீண்ட கதவுகளுக்கு வளையாமல் நிற்கும். நீர் புழங்கும் இடத்துக்கு ஆகாது.

எந்த இடத்துக்கு எந்தப் பலகை?

வீடு முழுவதும் மரைன் பலகை போடுவது இஸ்ராஃப், அதாவது வீண்விரயம். வீடு முழுவதும் கமர்ஷியல் போடுவதும் வீண்விரயமே. சில ஆண்டுகளில் மீண்டும் செலவு வரும். இடமறிந்து போடுவதே சிக்கனம்.

கழுவுதொட்டியின் கீழ், அடுப்படியின் தரைப் பெட்டகங்கள், குளியலறையை ஒட்டிய அலமாரி ஆகிய இவற்றுக்கு ஐ.எஸ். 710. அடுப்படியின் மேல் பெட்டகங்கள், வெளிச்சுவரை ஒட்டிய துணி அலமாரிகள், பரண் கதவுகள் ஆகியவற்றுக்குக் கடலோரத்தில் பி.டபிள்யூ.ஆர். போதும். வீட்டின் நடுவே, நீரோ வெளிச்சுவரோ அண்டாத இடத்துக் கட்டில், மேசை போன்றவற்றுக்கு எம்.ஆர். தரத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம். குளியலறைக் கதவுக்கு மரமே வேண்டா, பி.வி.சி. அல்லது 'மல்டிவுட்' போன்ற நுரைப்பலகைக் கதவு நீரால் கெடாது.

இதைவிடச் சிறந்த ஒரு வழியை நம் கொத்தனார்கள் நெடுங்காலமாக அறிந்திருக்கிறார்கள். அடுப்படித் தரைப் பெட்டகத்தின் தடுப்புகளைச் செங்கல்லாலும் தட்டுகளைக் கடப்பா கல்லாலும் அமைத்துவிட்டு, கதவுக்கு மட்டும் பலகை போடுவது. வெள்ளம் வந்தாலும் கழுவிவிட்டால் தீர்ந்தது. முன்சொன்ன குடும்பம் இப்போது செய்திருப்பது இதைத்தான்.

கனம் பற்றியும் ஒரு சொல். உடற்பலகைக்கும் தட்டுக்கும் 18 அல்லது 19 மில்லிமீட்டர், பின்புறத் தடுப்புக்கு 6 முதல் 9 மில்லிமீட்டர் என்பது பொதுவழக்கம். 19 என்று சொல்லி 16 கொடுத்தால் குறைவது மூன்றே மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். பலகை வளையாமல் தாங்கும் திறன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 16 மில்லிமீட்டர்ப் பலகையில் அத்திறன் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிடும். கிதாபுகளும் தஃப்ஸீர் தொகுதிகளும் அடுக்கும் தட்டு இரண்டே ஆண்டில் தொய்ந்து நிற்பதன் காரணம் பெரும்பாலும் இதுதான். 19 மில்லிமீட்டரே ஆனாலும், நூல் அடுக்கும் தட்டுக்கு இரண்டரை அடிக்கு ஒரு தாங்கல் வையுங்கள். அளவில் குறைப்போருக்குக் கேடு என்ற எச்சரிக்கையோடு ஓர் அத்தியாயமே நம் வேதத்தில் தொடங்குவது நினைவிருக்கட்டும். தராசில் குறைப்பதும் பலகைக் கனத்தில் குறைப்பதும் ஒன்றுதான்.

சிப்பியைத் திறப்பது எப்படி?

முத்துச் சிப்பியைப் போலன்றி, பலகையின் உள்ளே பார்க்க வழிகள் உண்டு.

1. முத்திரையைப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையின் மேலே ஐ.எஸ். எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கவேண்டும். வெறுமனே '710 கிரேடு' என்று அச்சிட்டிருப்பது முத்திரையாகாது. அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பி.ஐ.எஸ். கேர்' என்ற கைப்பேசிச் செயலியில் இட்டால், அது எந்த ஆலைக்கு, எந்தப் பொருளுக்கு வழங்கப்பட்டது என்பது தெரியவரும். ஒட்டுப்பலகைக்கு இம்முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணையை மத்திய அரசு 2023-இல் பிறப்பித்தது. எனவே இதைக் கேட்க நீங்கள் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

2. விளிம்பைப் பாருங்கள். பலகையின் நான்கு ஓரங்களிலும் ஏடுகள் ஒரே சீரான கனத்தில், இடைவெளியின்றி அமைந்திருக்க வேண்டும். இடையில் பொந்து இருந்தால் அங்கே திருகாணி பிடிக்காது. ஈரமும் பூச்சியும் குடியேறும். பினால் பசையின் கோடு கரும்பழுப்பாகத் தெரியும். நிறம் மட்டுமே சான்றாகிவிடாது. ஏனெனில் சாயம் மலிவு.

3. தட்டிக் கேளுங்கள். பலகையை நிமிர்த்தி நடுவிலும் மூலைகளிலும் விரல் மடக்கித் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஓசை மாறினால் உள்ளே பொந்து உண்டு.

4. அளந்து பாருங்கள். ஆசாரியிடமுள்ள வெர்னியர் அளவுகோலால் நான்கைந்து இடங்களில் கனத்தை அளக்கச் சொல்லுங்கள்.

5. தூக்கிப் பாருங்கள். 8 அடிக்கு 4 அடி, 19 மில்லிமீட்டர்ப் பலகை, நல்ல கடினமரத்தால் ஆனதாயின் ஏறத்தாழ 35 முதல் 40 கிலோ இருக்கும். மிக இலேசாக இருந்தால் மென்மரம் என்று அறியலாம்.

6. கொதிக்கவைத்துப் பாருங்கள். மொத்தமாக வாங்குமுன் ஒரே பலகை வாங்கி, அதிலிருந்து உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை அறுத்து, பழைய பாத்திரத்தில் நீர் மூழ்க ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். நீர் வற்ற வற்ற ஊற்றிக்கொண்டே வரவேண்டும். சன்னல்களைத் திறந்து வையுங்கள். அந்தப் பாத்திரத்தைப் பின்னர்ச் சமையலுக்கு எடுக்காதீர்கள். எட்டு மணி நேரத்துக்குள் ஏடுகள் பிரிந்தால் அது மரைனும் அன்று, பி.டபிள்யூ.ஆரும் அன்று. பிரியாமலிருந்தால் அது மரைன் என்பதற்கு முழுச் சான்றாகாது. ஆனால் கமர்ஷியலை மரைன் என்று விற்கும் பொய் இதில் வெளிப்பட்டுவிடும்.

இன்னொன்று: மூக்கைப் பயன்படுத்துங்கள். புதுப்பலகையில் கண்ணை எரிக்கும் நெடி அடித்தால் பசையிலுள்ள ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது என்று பொருள். யூரியா பசைப் பலகையில், வெக்கையும் ஈரமும் கூடும்போது இது மிகும். இவ்வாயுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளென உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. பிள்ளைகள் உறங்கும் அறைக்கு, வாயு வெளியீடு குறைந்த 'ஈ-1' அல்லது 'ஈ-0' எனக் குறிக்கப்பட்ட பலகையைக் கேட்டு வாங்குங்கள். அலமாரி அமைத்தபின் சில வாரங்கள் கதவுகளையும் சன்னல்களையும் திறந்து வையுங்கள்.

ஆசாரியும் கமிஷனும்

வளைகுடாவில் கணவர், ஊரில் மனைவி என்ற குடும்பங்களில் வீட்டு வேலையை மேற்பார்ப்பவர் பெண்ணே. "சாமானெல்லாம் நானே வாங்கிக்கிறேன் உம்மா" என்று ஆசாரி சொன்னால் அது பெரும் உதவியாகத் தோன்றும். ஆனால் பலகை, மைக்கா, கீல் ஆகியவற்றை விற்கும் கடைகள் வேலையாட்களுக்குக் கமிஷன் தருவது ஊரறிந்த வழக்கம். அது வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பெறப்படும்போது, நம்பி ஒப்படைத்த அமானிதத்தில் ஓட்டை விழுகிறது. எந்தக் கடை அதிகம் தருகிறதோ, அந்தக் கடைப் பலகை நம் வீட்டுக்கு வருகிறது.

குற்றம் முழுவதையும் ஆசாரிமீது சுமத்துவது நேர்மையாகாது. கூலியைப் பேரம் பேசிப் பேசிக் குறைக்கிறோம். குறைத்த கூலியை அவர் வேறு வழியில் ஈடுகட்டப் பார்க்கிறார். கடையில் பொய்ப் பலகையை வாங்கி அவரே ஏமாறுவதும் உண்டு. உழைப்பவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடுமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. நியாயமான கூலியை முழுதாகப் பேசிக் கொடுங்கள். பலகையை நீங்களே கடைக்குச் சென்று, அவரையும் உடன் வைத்துக்கொண்டு வாங்குங்கள். அவர் கண்ணுக்குத் தெரியும் குறை உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

பேசியதை எழுதிக்கொள்ளுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது என்பதை அறிவீர்கள். நம்மவரோ, "எழுதிக் கேட்டால் சந்தேகப்படுவதாக நினைப்பாரே" என்று கூசுகிறோம். எழுதுவது சந்தேகமன்று, இருவருக்கும் பாதுகாப்பு. எந்தப் பெட்டகத்தில் எந்தத் தரம், எத்தனை மில்லிமீட்டர், எந்த நிறுவனம், உட்புறம் என்ன, பின்புறம் என்ன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். கடைப் பட்டியலிலும் தரமும் ஐ.எஸ். எண்ணும் குறிக்கப்பட வேண்டும். பட்டியல் வேண்டாமென்றால் விலையைக் குறைப்பதாகச் சொல்வார்கள், மயங்காதீர்கள். பட்டியல் இருந்தால்தான், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையத்தில் முறையிட வழியுண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

பொருத்தும்போதும் பின்பும்

நல்ல பலகையும் தவறாகப் பொருத்தினால் கெடும். நம் பகுதியில் நிலத்தடி நீர் உப்பு. அந்நீரில் கலவை கலந்த சுவர்கள் ஆண்டுக்கணக்கில் உப்புப் பூத்து ஈரம் கசியும். அத்தகைய சுவரில் பலகையை ஒட்டவே கூடாது. அரை அங்குலமாவது இடைவெளி விட்டுக் காற்று புகவிடுங்கள். தரைப் பெட்டகத்தை நேரே தரையில் அமர்த்தாமல் நான்கங்குல பி.வி.சி. கால்களின்மேல் நிறுத்துங்கள். வீடு கழுவும் நீரும் படாது. கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும்.

அறுத்த ஒவ்வொரு விளிம்பும் திறந்த வாய். கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் ஆசாரிகள் பெரும்பாலும் வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஈரம் அங்கேதான் நுழையும். எல்லா விளிம்புகளுக்கும் பட்டை ஒட்டவோ, வார்னிஷ் இரண்டு கை பூசவோ வற்புறுத்துங்கள். ஒருபுறம் மைக்கா ஒட்டினால் மறுபுறமும் மெல்லிய உள்தாள் ஒட்டவேண்டும். இல்லையேல் பலகை வில்லாக வளையும். உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கீல்கள் விரைவில் துருப்பிடிக்கும். கீலும் திருகாணியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். மரவேலையை ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காமல், தை பிறந்து சுவர் நன்கு காய்ந்தபின் தொடங்குங்கள்.

வெள்ளம் புகுந்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தியபின், இழுப்பறைகளையும் தட்டுகளையும் கழற்றிச் சேற்றை நல்ல நீரால் கழுவுங்கள். சுடுவெயிலில் போடாதீர்கள், வளைந்துவிடும். நிழலில், கட்டைகளின்மேல், காற்றோட்டமாக நிறுத்திப் பல வாரங்கள் காயவிடுங்கள். முழுதும் காயுமுன் வண்ணமோ மைக்காவோ போட்டால் ஈரத்தை உள்ளே சிறைவைத்தது போலாகும். உப்பிய மரத்தூள் பலகையை மட்டும் தயங்காமல் அகற்றிவிடுங்கள். பூஞ்சை பிடித்து மூச்சுக்குக் கேடு விளைக்கும்.

ஈரத்தை மேலே வையுங்கள்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்றார்கள். குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மேலே காய்ந்த தானியம், உள்ளே நனைந்த தானியம். மழையில் நனைந்துவிட்டதாக விற்பவர் காரணம் கூறினார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வினவிய நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள செய்தி இது.

ஒட்டுப்பலகையைப் பற்றி இதைவிடத் தெளிவாக என்ன சொல்ல இயலும்? மேலேடு பளபளக்கிறது, உள்ளேடுகளில் இருப்பதே உண்மை. நம்மில் மரக்கடை நடத்துவோர் பலர். ஆசாரி வேலை செய்வோரும் உண்டு. குறையுள்ள பலகையைக் குறையுள்ளதாகவே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்பதில் பாவமில்லை. கமர்ஷியலைக் கமர்ஷியல் என்று விற்பதில் தவறேதுமில்லை. மழை நனைத்தது மழையின் செயல். நனைந்ததை மறைப்பதே மனிதனின் செயல்.

வாங்கும் சகோதர, சகோதரிகளே! நீங்களும் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். விளிம்பைப் பார்ப்பதும் துண்டைக் கொதிக்கவைப்பதும் பிறரைச் சந்தேகிப்பதாகாது. பாலைவெயிலில் உழைத்தவரின் வியர்வைக்குக் காட்டும் மரியாதை அது. நம் இல்லங்களை உறுதியானவையாகவும் நம் வாணிகத்தைத் தூய்மையானதாகவும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! ஆமீன்.